ஒருசந்திக்கு வழி எது?

பிள்ளைகளா, உங்கள் அப்பா ராஜபாளையத்துக்குப் போய் மூன்று நாள் பட்டினி கிடந்து வந்திருக்கிறார் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு சாப்பிட்டதில்லை. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில், நோன்பு இருக்கிற வீட்டில், நோன்பு இருக்கிறவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போட வேண்டியதாகிவிட்டது.

புறப்படுகிற அன்று சின்னவள் கேட்டாள்: "நோன்புன்னா என்னப்பா, சாப்பிடாம இருக்கிறதா, வேற சாப்பாடு சாப்பிடுறதா?" எட்டாம் வகுப்போடு நின்றவனிடம் கேட்கிற கேள்வியா அது? வந்து சொல்கிறேன் என்று பஸ் ஏறிவிட்டேன். போன இடத்தில் பதில் கிடைத்தது. வாயால் சொன்னால் நடுவில் கார்ட்டூன் பார்க்கப் போய்விடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் மாமாவைத் தெரியுமே, என் அக்கா வீட்டுக்காரர். எனக்கு அத்தான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் வைத்திருக்கிறார். தறி மோட்டார் எரிந்துவிட்டது, வந்து செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்டிக் கொடு என்று கூப்பிட்டார். அந்த ஊரில் காயில் கட்டுகிற கடைக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் சொந்தத்தில் ஒரு மோட்டார் மெக்கானிக் இருந்தால், அவன் தூத்துக்குடியில் இருந்தாலும், கூலிக்குப் பதில் பாசத்தைக் கொடுத்து அனுப்பிவிடலாம் அல்லவா?

புதன்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். நம் ஊர் வெயிலில் கொஞ்சம் உப்புக் காற்றாவது கலந்திருக்கும். இது கலப்படம் இல்லாத வெயில். நமக்குக் கிழக்கே கடல் மாதிரி இவர்களுக்கு மேற்கே மலை. மலையைப் பார்த்துக்கொண்டே வேர்க்கிறார்கள்.

வாசலில் அத்தான் நின்றார். காவி வேட்டி, சவரம் செய்யாத முகம், வெறுங்கால். தவக்காலம் முடிகிறவரை செருப்புப் போடமாட்டாராம். பக்கத்துத் தெருவுக்குக்கூட வெறுங்காலோடு காரில்தான் போகிறார்.

"வாங்க மாப்ள, எம்புட்டு நாளாச்சு! நான் ஒருசந்தி. உக்காருங்க, சாப்பிடுவோம்."

ஒருசந்தி என்றால் நாளைக்கு ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு. சுத்தபோசனம் என்றால் கறி இல்லாத சாப்பாடு. இந்த இரண்டு சொல்லையும் நம் கோயிலில் ஒவ்வொரு வருஷமும் அறிவிக்கிறார்கள். நீங்கள் அப்போது பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

அந்த ஒரு வேளை மேசைக்கு வந்தது. காய்கறி பிரியாணி. பன்னீர் மசாலா. காளான் மிளகு வறுவல். சோயா உருண்டையில் ஒரு சுக்கா. சேனைக்கிழங்கை மீன் துண்டு மாதிரியே வெட்டி, மீன் மசாலாவே தடவி, கல்லில் போட்டு எடுத்தது. முள் ஒன்றுதான் வைக்கவில்லை. கடைசியில் பாயசம்.

"கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிட்டா கறின்னே நெனப்பீங்க மாப்ள" என்றார் அத்தான், பெருமையாக.

"அப்ப கண்ணத் தெறந்து வச்சுக்கிட்டுச் சாப்பிடுறதுதான் தவமா அத்தான்?"

அக்கா தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளோடு சேர்ந்து சிரித்தது பாக்கியம். அந்த வீட்டில் சமையல் செய்கிறவள், அதே பங்குக் கோயிலைச் சேர்ந்தவள்.

நம்மைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா சொல்வாள். நம் வீட்டில் வெள்ளிக்கிழமை நெய்மீன் குழம்பு கொதிக்கும். கேட்டால் சுத்தபோசனம் என்போம். மீனுக்குக் கால் கிடையாது, ஆகவே அது கறி இல்லை. அத்தானிடம் இதைச் சொன்னபோது உதட்டைப் பிதுக்கினார். "நாங்க மீனும் தொடுறதில்ல மாப்ள. அதெல்லாம் சும்மா பேருக்கு இருக்கிறவங்க செய்யுறது" என்றார், மீன் போலிருந்த சேனையைக் கடித்துக்கொண்டே.

ஒரு வேளை முடிந்தது, இனி ராத்திரிக்குப் பட்டினிதான் என்று நினைத்தேன். நாலு மணிக்குப் பாதாம் பால் வந்தது. ஆறு மணிக்கு ரோஸ் மில்க். படுக்கப் போகும்முன் ஒரு தட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா.

"அத்தான், இது?"

"திரவம் நோன்ப முறிக்காது மாப்ள. பங்குச் சாமியாரே சொல்லியிருக்காரு."

"இது திரவம் இல்லையே."

அத்தான் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "பால்கோவாங்கிறது என்ன? பால்தானே? கொஞ்சம் கெட்டியான பால்."

வேத சாத்திரம் படித்தவர்கள்கூட இந்த இடத்தில் வாயடைத்துப் போவார்கள். நான் காயில் கட்டுகிறவன். ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அந்த வீட்டில் உண்மையாகவே நோன்பிருந்த ஜீவன் ஒன்று உண்டு. சீசர். வெள்ளை வெளேரென்று, ரோஸ் நிற மூக்கோடு, ராஜபாளையம் நாய். தவக்காலம் ஆகையால் அதற்கும் எலும்பு கிடையாது, தயிர்ச்சோறுதான் என்று அத்தான் உத்தரவு. வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுல நாய்கூட சுத்தபோசனம்" என்று சொல்லிக்கொள்வார். வியாழக்கிழமை தறிக்கூடத்துக்குப் போகும் வழியில் பார்த்தேன், ராயல் வம்சத்து நாய் கோழிக்கடை மேசைக்கு அடியில் மண்டியிட்டுக் கிடந்தது. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நானும் பார்க்காத மாதிரி போய்விட்டேன். அதைக் கேட்டா சுத்தபோசனம் வைத்தார்கள்?

சாயங்காலம் மோட்டாரைக் கட்டி, வார்னிஷ் அடித்துக் காயவைத்துவிட்டு வந்தேன். அடுப்படிப் படியில் உட்கார்ந்து பாக்கியம் அப்போதுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அதுதான் முதல் சோறு.

"நீயும் ஒருசந்தியாம்மா?" என்றேன்.

"மொதலாளி ஒருசந்தி இருந்தா எனக்கு நாலு சந்தி வேல அண்ணே. சாதா நாள்ல ஒரு கொழம்பு, ஒரு கூட்டு. நோம்பு வந்தாத்தான் இம்புட்டும். எப்படா ஈஸ்டர் வரும், இவிய கறி திம்பாவன்னு இருக்கு. ஒரு கொழம்போட போயிரும்."

பேச்சுவாக்கில் மகளைப் பற்றிச் சொன்னாள். ஸ்டெல்லா. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள், நிறைமாசம். மாப்பிள்ளை திருப்பூரில் வேலை பார்க்கிறான். போன தடவை பிள்ளை தங்கவில்லை. பிறந்தது, அழவே இல்லை. அன்றைக்குப் பாக்கியம் யாரோ ஒருவர் வீட்டுக் கலியாணத்தில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவ நீ பக்கத்துல இருக்கணும்மான்னு பிடிவாதமா சொல்லியிருக்கா அண்ணே. வலி கண்டா போன் போடுன்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்." தட்டில் பாதிச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்தாள். ரோஸ் மில்க் நேரம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பேனர் வந்து இறங்கியது. கோயிலில் சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்ததும் வருகிற சனத்துக்கெல்லாம் அத்தான் உபயத்தில் தவக்காலக் கஞ்சி. பேனரில் சிலுவை சின்னதாகவும் அத்தான் பெரிதாகவும் இருந்தார்கள். தாடியோடு, கைகூப்பி, கன்னம் ஒட்டிப்போன மாதிரி முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு எடுத்த படம். நோன்பிருக்கும்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊருக்குக் காட்டாதீர்கள் என்று விபூதிப் புதனன்று கோயிலில் வாசிக்கிறார்கள். அத்தான் அன்று வாசிப்புக்குப் பிறகுதான் வந்திருப்பார் போலிருக்கிறது.

மத்தியானச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. குருமா வாசனை கூடம் வரைக்கும் வந்தது. அப்போது பாக்கியம் போனைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தாள்.

"மொதலாளி, ஸ்டெல்லாவுக்கு வலி கண்டிருச்சாம். ஆஸ்பத்திரியில சேத்திருக்காவளாம். நான் போயிட்டு வாரேன்."

"இன்னைக்கா?" என்றார் அத்தான், பிள்ளை தேதி மாற்றிப் பிறக்கலாமே என்கிற மாதிரி. "ஏட்டி, வலி கண்டு பொறக்க எப்படியும் ராத்திரி ஆயிரும். கஞ்சிய எறக்கி வச்சிட்டுப் போ. ஆண்டவருக்குச் செய்யுற காரியம்."

பாக்கியம் அக்காவைப் பார்த்தாள்.

அக்கா எழுந்தாள். "நீ போ பாக்கியம். கஞ்சிய நான் பாத்துக்கிடுதேன்."

"நீயா? ஒனக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னாவது தெரியுமா?"

"தெரியாது. நீங்களும் வாங்க, ரெண்டு பேருமாத் தேடுவோம்."

பிள்ளைகளா, உங்கள் அத்தை அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. சீசர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

காரை எடுங்கள் என்றேன். கார் சாமியாரைக் கூட்டிவரப் போக வேண்டுமாம். "அப்ப நான் பஸ்ல கூட்டிட்டுப் போறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் குருமா ஞாபகம் வந்தது. "சாப்பிட்டுப் போங்க மாப்ள, எல வெட்டியாச்சு" என்றார் அத்தான். நான் அடுப்படியைப் பார்த்தேன். வாசலைப் பார்த்தேன். பாக்கியம் அதற்குள் தெருமுனையில் இருந்தாள். டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த ஊரில் நான் தவறவிட்ட முதல் சாப்பாடு அது.

பஸ்ஸில் நின்றுகொண்டு போனோம். முன்னால் இரண்டு பெண்கள் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். "சோறு வைக்கத் தெரியல, செல்லு நோண்டத் தெரியுது" என்றாள் ஒருத்தி. "ஓம் மவனுக்கு என்ன தெரியும்?" என்றாள் மற்றவள். பதில் வருவதற்குள் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி ரோட்டோரத்தில் நின்றுவிட்டது. முன்னால் புகை.

"எறங்குங்க, எறங்குங்க, பின்னால வண்டி வருது" என்றார் கண்டக்டர். பின்னால் வண்டி வந்தது. படிக்கட்டு வரைக்கும் ஆள். நிற்காமல், ஹாரனை மட்டும் அடித்துவிட்டுப் போய்விட்டது. பாக்கியம் அந்த வெயிலில் ரோட்டில் நடக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

நல்ல வேளையாக ஒரு ஆட்டோ காலியாக வந்தது. ஓட்டினவர் பெயர் பீர் முகமது. என்னைவிடச் சற்று மூத்தவர், உதடு வறண்டு, எரிச்சலின் உச்சியில் இருந்தார். ஆஸ்பத்திரி, பிரசவம் என்றதும் ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு ரோட்டில் வந்த அத்தனை பேரையும் திட்டினார். "ஏலே, ரோடு என்ன ஒங்கப்பன் வீட்டு முத்தமா?" லாரி, சைக்கிள், ஒரு எருமை மாடு, யாரும் தப்பவில்லை.

நடுவில் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, மொகம் வாடிக் கெடக்கு, சாப்பிடலியா?" என்றார்.

பசித்தவன் கௌரவமாகச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருக்கும்போது விடுவானா? "இன்னைக்கு ஒருசந்தி" என்றேன்.

"எந்தச் சந்தி?" என்றார். "அந்தச் சந்திக்கு எனக்கு வழி தெரியாது அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்குத் தெரியும்."

தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பாக்கியமும் வேண்டாம் என்றாள். பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாளாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்கு முன்னாலேயே பெரிய கோபுரம் தெரிந்துவிடும், நம் ஊரில் துறைமுகத்துக் கிரேன் தெரிகிற மாதிரி. கோபுரம் தெரிந்தும் ஊர் வராததுபோல் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நிற்கும்முன்பே பாக்கியம் குதித்துவிட்டாள். பின்னாலேயே நானும் ஓடினேன். வார்டு வாசலில் நர்ஸ் வந்து, "ஸ்டெல்லா கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்கவும் நாங்கள் போய்ச் சேரவும் சரியாக இருந்தது.

"நான்தான்! அவ அம்மா!" மூன்று நாளாக அடுப்படியில் முணுமுணுத்துக் கேட்ட குரலா அது? வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவள் உள்ளே போய்விட்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போதுதான் டூல்ஸ் பை ஆட்டோவிலேயே போய்விட்டது தெரிந்தது. பசி வேறு. எங்கிருந்தோ பால் சுண்டுகிற வாசனை. இந்த ஊரில் காற்றுக்கே சர்க்கரை நோய் வரும்.

சின்னவளே, உன் கேள்விக்கு இங்கேதான் வருகிறேன். வெளியே கடை இருந்தது, போய்ச் சாப்பிட்டிருக்கலாம். அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உள்ளே நிற்கிறாள், நான் இட்லிக்குப் போவதா என்று உட்கார்ந்துவிட்டேன். பசி முதலில் வயிற்றில் கத்தும். அதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால், கொஞ்ச நேரத்தில் மற்றவர் சத்தமெல்லாம் காதில் விழ ஆரம்பிக்கிறது. அந்த வராந்தாவில் எத்தனை பேர் சாப்பிடாமல் நின்றார்கள் என்பது வயிறு நிறைந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அவர்கள் யாரும் நேர்ச்சை வைத்துப் பட்டினி கிடக்கவில்லை. தவக்காலம் முடிந்தாலும் அவர்களுக்கு அது முடியாது. ஆண்டவர் வனாந்தரத்தில் பசியாக இருந்தது சும்மா கணக்குக் காட்டவா? பசித்தவன் பக்கத்தில் போய் உட்காரத்தான் என்று எனக்குத் தோன்றியது. நம் ஊர்ப் பக்கம் நாலு வழி கூடுகிற இடத்தைச் சந்தி என்போம். நோன்பில் இன்னொருவர் பசி வந்து உன் பசியோடு கூட வேண்டும். கூடவில்லை என்றால், பாதாம் பாலும் ரோஸ் மில்க்கும் போய் வருகிற முட்டுச்சந்துதான் அது.

இப்படிப் பெரிதாக யோசித்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு அழுகைச் சத்தம். நிற்காத அழுகை.

பாக்கியம் வெளியே வந்தாள். முகமெல்லாம் ஈரம். "பொம்பளப் பிள்ள அண்ணே. அழுதுச்சு. நல்லா அழுதுச்சு." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிள்ளை அழுததற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஒருத்தியை நான் பார்த்ததில்லை. நீங்கள் பிறந்தபோது அழுததற்கு நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் பீர் முகமது வந்தார். ஒரு கையில் என் டூல்ஸ் பை. மறு கையில் ஒரு தூக்குவாளி.

"பைய விட்டுட்டுப் போறவரு கெட்டிக்காரரு அண்ணாச்சி. என்ன பிள்ள?"

சொன்னோம். அப்போது தூரத்தில் பள்ளிவாசல் பாங்கு கேட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டு, பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வருஷம் நம் நோன்பும் அவர்கள் நோன்பும் ஒன்றாக வந்திருக்கின்றன. அந்த வெயிலில், தண்ணீர்கூட இல்லாமல், எங்களை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பேனர் இல்லை. தாடி இருந்தது, ஆனால் அது எப்போதும் இருக்கிற தாடி. எருமை மாட்டைத் திட்டிய திட்டு மட்டும் கொஞ்சம் அதிகம்.

"பள்ளிவாசல் கஞ்சி. வீட்டுக்குக் கொண்டு போக வாங்குனது. இருக்கட்டும், பிள்ள பெத்த வீட்டுக்காரங்க மொதல்ல குடிங்க." மூடியிலும் டம்ளரிலும் ஊற்றிக் கொடுத்தார்.

பூண்டும் இஞ்சியும் வெந்தயமும் மணக்க, தொண்டையில் அது இறங்கிய சுகத்தைச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. பாதி போன பிறகுதான் பல்லில் ஏதோ தட்டியது. மென்றேன். சந்தேகமே இல்லை.

"பாய், இதுல..."

"கொத்துக்கறி. கொஞ்சந்தான் போடுவாவ. ஏன் அண்ணாச்சி, காரமா?"

பாக்கியம் வாய் வரைக்கும் கொண்டுபோன டம்ளரை நிறுத்தினாள். "இன்னைக்கு வெள்ளிக்கெழம" என்றாள் மெதுவாக.

பீர் முகமதுவுக்குப் புரிந்ததும் முகம் செத்துவிட்டது. "அடக் கொடுமையே, ஒங்களுக்கும் நோம்பா? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே பாய். எந்தச் சந்தின்னு கேட்டீங்க."

முதலில் சிரித்தது பாக்கியம்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு டம்ளரைப் பார்த்தாள். "அண்ணே, காலையில இருந்து ஒண்ணும் எறங்கல. ஆண்டவரு வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். ஒங்களுக்கும் சேத்துச் சொல்லிருதேன். குடிங்க." சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்தாள். இரண்டாவது டம்ளருக்கும் நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அக்கா. "என்னடா பிள்ள? ஸ்டெல்லா எப்படி இருக்கா?" சொன்னேன். "அப்பாடா" என்று அவள் மூச்சு விடுவதற்குள் அத்தான் போனைப் பிடுங்கிவிட்டார்.

"மாப்ள, கஞ்சி அடிப்பிடிச்சிருச்சு. நானே கிண்டுனேன். கையெல்லாம் கொப்புளம். மத்தியானமும் சாப்பிடல, ஒரு சொட்டுப் பாலுக்குக்கூட நாதியில்ல. பசி கண்ண அடைக்குது."

"அப்ப இன்னைக்கு நல்ல நோன்பு அத்தான்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"ஆமா, கிண்டுறத போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டிருக்கேன், பாக்கலையா? எல்லாரும் அழுதுட்டாங்க."

புகையில் அழுதிருப்பார்கள். பிள்ளை ஆணா பெண்ணா என்று அவர் கடைசி வரைக்கும் கேட்கவில்லை. ஆனால் போனை வைக்கும் முன் குரலைத் தாழ்த்தி, அக்கறையாக ஒன்று கேட்டார்.

"வெளியூர்ல இருக்கீங்க மாப்ள, வெள்ளிக்கெழம வேற. சாப்பாட்டுல பாத்து. கறி கிறி பட்டுறப் போவுது. சுத்தபோசனம்தானே?"

நான் தூக்குவாளியைப் பார்த்தேன். பாக்கியம் அதைச் சாய்த்து, அடியில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துக்கொண்டிருந்தாள்.

"சுத்தம் அத்தான்" என்றேன். "ஒரு சொட்டு மிச்சமில்ல."